பாடசாலைத் தோட்டம் யாருக்கு?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆசிரியர்களும் பெற்றோரும் நேரம் எடுத்து வாசித்தால் சந்தோசம்.

"சுற்றாடலைப் புத்தகத்தில் படிப்பிக்காதீர்கள், பிள்ளைகளை வெளியில் கூட்டிப் போய்ப் படிப்பியுங்கள்" என்று செயலமர்வுகளில் சொல்வார்கள். அதைக் கேட்கும்போது நேற்றுத்தான் யாரோ கண்டுபிடித்த புது விசயம் போல இருக்கும். ஆனால் இந்த நாட்டுக் கிராமத்துப் பாடசாலைகளுக்கு இந்தப் பேச்சு வந்து நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது. நமது பாட்டன்மாரின் காலத்திலேயே பாடசாலை வளவுக்குள் மண்வெட்டி வந்துவிட்டது.

கலாசாலையில் எங்களுக்குக் கல்வி வரலாறும் ஒரு பாடம். 1932, 1943, 1972, 1997 என்று வருடங்களைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதினோம். கிராமத்துப் பாடசாலையில் சில வருடங்கள் படிப்பித்த பிறகுதான் அந்த வருடங்களுக்கு நடுவே ஒரு கதை ஓடுவது விளங்கியது. கையால் செய்து படிக்கும் கல்வி வேறு வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. அநேகமாக ஒவ்வொரு முறையும் ஒரே கல்லில் தடுக்கி விழுந்திருக்கிறது. அந்தக் கல் எது என்று தேடுவதுதான் இந்தப் பதிவு.

1. பேராதனையிலிருந்து வந்த விதைகள்

ஆங்கிலேயர் காலத்தில் இங்கே இரண்டு வகைப் பாடசாலைகள் இருந்தன. ஒன்று கட்டணம் கட்டிப் படிக்கும் ஆங்கிலப் பாடசாலை. அதில் படித்தவன் கிளாக்கர் ஆகலாம், புரொக்டர் ஆகலாம், டாக்குத்தரும் ஆகலாம். மற்றது சிங்களத்திலும் தமிழிலும் இலவசமாகப் படிப்பிக்கும் சுயபாஷைப் பாடசாலை. அதில் படித்தவனுக்கு வாசிக்க, எழுத, கணக்குப் பார்க்கத் தெரியும். அதற்கு மேல் போக அநேகமாகப் பாதை இல்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இரண்டாவது வகைப் பாடசாலைகளில்தான் "பாடசாலைத் தோட்டம்" என்ற திட்டம் தொடங்கியது. அப்போது பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்தவர் ஜே. சி. வில்லிஸ். 1896 முதல் 1912 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். 1904இல் தேசாதிபதி ஹென்றி பிளேக்கின் காலத்தில் இலங்கை விவசாயச் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் செயலாளராகப் பணியாற்றிய சி. டிரீபேர்க் என்பவரே பாடசாலைத் தோட்டங்களுக்கும் மேற்பார்வையாளராக இருந்தார். 1907இல் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் வந்தது. கிராமங்களில் பாடசாலைகள் கூடக் கூட, தோட்டம் போடுவதற்கான இடங்களும் கூடின.

அந்தத் திட்டத்துக்கு இரண்டு நோக்கங்கள் இருந்தன. பையன்கள் செடி நட்டு, பார்த்துப் பழகிப் படிக்க வேண்டும் என்பது ஒன்று. பாடசாலைத் தோட்டம் வழியாகப் புதிய பயிர்களும் நல்ல விதைகளும் கிராமத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது மற்றது. பிள்ளை ஒரு நாற்றை வீட்டுக்குக் கொண்டு போனால் வாப்பா அதை வளவில் நட்டுப் பார்ப்பார் என்ற கணக்கு. யோசித்துப் பார்த்தால் நல்ல கணக்குத்தான்.

ஆனால் ஊரில் இருந்து பார்த்த பெற்றோருக்கு வேறொன்று தெரிந்திருக்கும். கொழும்பிலும் கண்டியிலும் ஆங்கிலப் பாடசாலைக்குப் போகும் பிள்ளையின் கையில் பேனை. தன் பிள்ளையின் கையில் மண்வெட்டி. மண்வெட்டி பிடிக்கப் பழக்குவதற்கு ஒரு பாடசாலை எதற்கு? அதைத்தான் வீட்டிலேயே பழக்கலாமே?

இன்னொரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். பேராதனை, ஆண்டில் பெரும்பகுதி மழை கிடைக்கும் பக்கம். எங்கள் கிழக்குக்கு ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை மாரி மழை. அதற்குப் பிறகு நிலம் காயத் தொடங்கிவிடும். மே, ஜூனில் செடி நட்டால் ஓகஸ்ட் விடுமுறைக்குள் அது கருகிவிடும். மிஞ்சியதை வேலி பாய்ந்து வரும் மாடு முடித்துவிடும். இன்றைக்கும் பாடசாலைத் தோட்டம் செய்யும் எந்த ஆசிரியரைக் கேட்டாலும் இந்த மூன்றையும்தான் சொல்வார்: தண்ணீர், வேலி, விடுமுறை. மேலிடத்தில் இருந்து வரும் திட்டத்தில் இந்த மூன்றுக்கும் பதில் இருப்பது அருமை.

2. ஹந்தெஸ்ஸ

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சரானார். அடுத்த வருடம், 1932இல், கண்டிக்குப் பக்கத்தில் உடுநுவரைப் பகுதியில் உள்ள ஹந்தெஸ்ஸவில் கிராமியக் கல்வித் திட்டம் என்ற ஒன்று ஆரம்பமானது. கல்வி வரலாற்றில் அதை ஹந்தெஸ்ஸத் திட்டம் என்றே சொல்வார்கள்.

வெறும் தோட்டத்தைவிட இது ஒரு படி மேலானது. பிள்ளையின் கிராமத்தையே பாடப்புத்தகமாக ஆக்குவதுதான் அதன் மைய எண்ணம். ஊரின் நிலம், பயிர், தண்ணீர், சுகாதாரம், கைத்தொழில் என்று பிள்ளை கண்ணால் காண்பதிலிருந்து பாடம் தொடங்க வேண்டும். இன்று நாங்கள் "சூழல்சார் கற்றல்" என்று பெரிய பெயரில் சொல்வதன் விதை அதில் இருந்தது. கன்னங்கராவும் அதை ஆதரித்தார்.

அது ஏன் நாடு முழுக்க வேர் பிடிக்கவில்லை? பாடம் மோசமென்று ஆரும் சொல்லவில்லை. திட்டத்தின் பெயரிலேயே பிரச்சினை இருந்தது. "கிராமியக்" கல்வி. அப்படியானால் நகரத்துக்கு வேறு கல்வி. உத்தியோகத்துக்குப் போகும் கல்வி ஆங்கிலப் பாடசாலையில் அப்படியே இருந்தது. கிராமத்துப் பிள்ளையைக் கிராமத்திலேயே வைத்திருக்கும் ஏற்பாடு இது என்று பெற்றோர் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் முட்டாள்கள் இல்லை. ஊரில் எந்தப் பாடசாலையில் படித்தவன் காற்சட்டை போட்டுக் கந்தோருக்குப் போகிறான் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

3. கடலுக்கு அந்தப் பக்கம்: வார்தா

ஏறத்தாழ அதே காலத்தில் இந்தியாவிலும் இதே கேள்வி எழுந்தது. 1937 ஒக்டோபர் 22, 23ஆம் திகதிகளில் வார்தாவில் காந்தி ஒரு கல்வி மாநாட்டைக் கூட்டினார். ஏழு வருடக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் படிப்பு, ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து மற்றப் பாடங்களைக் கற்பித்தல் என்பன அங்கே பேசப்பட்டன. நூல் நூற்றல், நெசவு, விவசாயம் போன்றவைதான் அந்தக் கைத்தொழில்கள். இதுதான் ஆதாரக் கல்வி.

அதற்குப் பாடத்திட்டம் தயாரித்த குழுவின் தலைவர் டாக்டர் ஸாகிர் ஹுசைன். டில்லி ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தர். பின்னாளில், 1967இல், இந்தியாவின் ஜனாதிபதியானவர். அந்த வேலையை முன்னெடுத்துச் சென்ற இன்னொருவர் நமது நாட்டவர். யாழ்ப்பாணத்தில் பிறந்த ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். சாந்திநிகேதனில் தாகூரோடு வேலை செய்தவர். பிறகு ஆதாரக் கல்விக்காக அமைக்கப்பட்ட ஹிந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலாளராக இருந்து, மனைவி ஆஷாதேவியுடன் சேவாகிராமத்தில் பல வருடங்கள் உழைத்தார். நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

வார்தாவில் நடந்த ஒரு விவாதம் நமக்கு மிக முக்கியம். பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று ஆசிரியரின் சம்பளத்துக்கு வழி பார்க்கலாம், பாடசாலை தன் செலவைத் தானே தேடிக்கொள்ளலாம் என்பது காந்தியின் எண்ணம். ஏழை நாட்டில் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்க அவருக்குத் தெரிந்த வழி அது. ஆனால் அந்த இடத்தில் ஸாகிர் ஹுசைன் எச்சரித்தார். வருமானத்தில் கண் வைத்தால் ஆசிரியர் பிள்ளையிடம் வேலை வாங்குபவராக மாறிவிடுவார், கல்வி பின்னுக்குப் போய்விடும் என்பது அவருடைய பயம். குழுவின் அறிக்கையிலும் அந்த எச்சரிக்கை இடம்பெற்றது.

அந்தப் பயத்தை இன்றைய பாடசாலைக்குக் கொண்டு வந்து பாருங்கள். பாடசாலைத் தோட்டத்தில் எத்தனை கிலோ கத்தரிக்காய் கிடைத்தது என்பது போட்டிக்கு முக்கியமா, ஒரு பிள்ளை என்ன விளங்கிக்கொண்டது என்பது முக்கியமா? மேற்பார்வைக்கு வருபவர்கள் வரப்போகிறார்கள் என்றால் கடையில் நாற்று வாங்கி வரிசையாக நட்டுப் படம் எடுக்கும் வழக்கம் எங்கே இல்லை? விளைச்சலைக் காட்டும் தோட்டத்தில் பிள்ளை வேலைக்காரன். கேள்வி கேட்கும் தோட்டத்தில் பிள்ளை மாணவன்.

4. பிரித்து வைத்த பரீட்சை

மறுபடியும் இலங்கைக்கு வருவோம். கன்னங்கரா தலைமையிலான கல்வி விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. அதன் பெரிய கொடை இலவசக் கல்வி. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. நானும், இதை வாசிக்கும் உங்களில் அநேகரும் அந்தக் கொடையால் படித்தவர்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு யோசனையும் இருந்தது. ஆரம்பக் கல்வி முடியும்போது பிள்ளைகளைத் தெரிவு செய்து மூன்று வகைப் பாடசாலைகளுக்கு அனுப்புவது. ஒரு வகை உயர் படிப்புக்குப் போகும் பாடசாலை. கடைசி வகை செய்முறைப் பாடசாலை. அங்கே கைவேலைக்கும் தொழிலுக்கும் முதலிடம்.

அந்தச் செய்முறைப் பாடசாலை நடைமுறைக்கு வரவில்லை. எந்தப் பெற்றோரும் தன் பிள்ளை "கைவேலை வரிசைக்கு" ஒதுக்கப்படுவதை விரும்பமாட்டார். ஆனால் ஆரம்பக் கல்வி முடிவில் ஒரு பரீட்சை என்ற பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. கிராமத்து ஏழைப் பிள்ளையை மத்திய கல்லூரிக்குக் கொண்டு போகும் ஏணியாக 5ஆம் வகுப்புப் புலமைப்பரிசில் வந்தது. அது பலருடைய வாழ்க்கையை மாற்றியது உண்மை. அந்த ஏணி பின்னர் என்னவாக மாறியது என்பதைக் கீழே சொல்கிறேன்.

5. சென்னை மாகாணத்தின் பாடம்

இந்தக் கல்லில் மிக மோசமாக மோதிய திட்டம் தமிழ்நாட்டில் நடந்தது. 1953இல் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ராஜாஜி, கிராமப்புற ஆரம்பப் பாடசாலைகளில் பாடநேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணித்தியாலமாகக் குறைத்தார். மிச்ச நேரத்தில் பிள்ளை தகப்பனின் தொழிலைப் பழக வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆதரித்தவர்கள் அதைத் தொழிலோடு சேர்ந்த கல்வி என்றார்கள். எதிர்த்தவர்கள் குலக்கல்வி என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்தான் நின்றது. சலவைத் தொழிலாளியின் மகன் துணி வெளுக்க வேண்டும், குயவனின் மகன் சட்டி பானை செய்ய வேண்டும், வக்கீலின் மகன் மட்டும் வக்கீலாகலாம் என்றால் அதற்குப் பெயர் கல்வியா? பெரியாரும் திராவிட இயக்கமும் கடுமையாகப் போராடின. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகி காமராஜர் வந்தார். மே மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

கையால் செய்து படிப்பது நல்ல விசயம். அதைப் பிறப்பைப் பார்த்துப் பங்கு போட்டால் அது அநியாயமாகிவிடும். இந்த வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சம்பவம் தமிழ் பேசும் உலகத்தில் வேறொன்று இல்லை என்பது என் கருத்து.

6. 1972

1971 ஏப்ரல் கிளர்ச்சி நாட்டையே உலுக்கியது. அதில் இறங்கிய இளைஞர்களில் பலர் படித்த, வேலையில்லாத கிராமத்துப் பிள்ளைகள். அதே வருடம் டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேச தொழில் அமைப்பின் குழு இலங்கை பற்றி ஓர் அறிக்கை தந்தது. பிள்ளைகள் படிக்கும் படிப்புக்கும் நாட்டில் இருக்கும் வேலைக்கும் இடையிலான இடைவெளிதான் அதன் பொருள்.

அப்போதைய கல்வி அமைச்சர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். 1970 முதல் 1977 வரையான அவருடைய காலத்தைப் பற்றித் தமிழ் பேசும் மக்களிடையே ஒரே கருத்து இல்லை. பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் ஏற்படுத்திய காயம் ஆழமானது. அது தனியாகப் பேச வேண்டிய விசயம். இங்கே 1972இன் பாடத்திட்டத்தை மட்டும் பார்ப்போம்.

தரம் 6 முதல் 9 வரை தொழில்முன்னிலைப் பாடங்கள் கொண்டுவரப்பட்டன. பாடசாலை தன் சுற்றாடலில் உள்ள தொழில்களைத் தெரிவு செய்யலாம். நெல் விளையும் ஊரில் நெற்செய்கை, கரையோரத்தில் மீன்பிடி, வேறிடங்களில் மட்பாண்டம், தும்புத் தொழில், நெசவு. அந்தத் தொழிலைச் செய்யப் பழக்குவதோடு நிறுத்தாமல், அதற்குப் பின்னால் உள்ள விஞ்ஞானத்தையும் கணக்கையும் பிள்ளை படிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். வட்டைவிதானையின் அறிவும் மீனவரின் அறிவும் பாடமாகலாம் என்று அரசாங்கமே ஒத்துக்கொண்ட காலம் அது. விஞ்ஞானமும் ஒருங்கிணைந்த பாடமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் போனது. 1975இல் முதல் என்.சி.ஜி.ஈ. பரீட்சை நடந்தது.

இந்த முறை நகரத்துப் பிள்ளைக்கும் பாடம் கட்டாயம்தான். ஆனால் தொழில் அந்தந்தச் சூழலுக்கு ஏற்றது. மீனவக் கிராமத்துப் பிள்ளைக்கு மீன்பிடி. நகரத்துப் பிள்ளைக்கு நகரத்துத் தொழில். "என்ட மகனுக்கு வலை இழுக்கத் தெரியும் சேர், நீங்க இங்கிலீசும் கணக்கும் படிச்சுக் குடுங்க" என்று ஒரு வாப்பா சொன்னால் ஆசிரியரிடம் என்ன பதில் இருந்திருக்கும்? பல பாடசாலைகளில் படிப்பிக்கப் பழகிய ஆசிரியரும் இல்லை, பொருட்களும் இல்லை. 1977இல் ஆட்சி மாறியது. என்.சி.ஜி.ஈ. போனது, சாதாரண தரம் திரும்பி வந்தது. தொழில்முன்னிலைப் பாடங்களும் கைவிடப்பட்டன. ஐந்து வருடத்தில் ஒரு பெரிய யோசனை சுருட்டி வைக்கப்பட்டது.

7. 1999: இந்த முறை எல்லோருக்கும்

1980இல் தேசிய சுற்றாடல் சட்டம் வந்தது. 1981இல் மத்திய சுற்றாடல் அதிகார சபை உருவானது. பாடசாலைகளில் சுற்றாடல் முன்னோடிக் குழுக்களை அமைக்கும் அதன் வேலைத்திட்டமும் பிறகு வந்தது. சின்னம் குத்திய முன்னோடிப் பிள்ளைகளை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆனால் அது விருப்பமுள்ள சிலருக்கானது.

உண்மையான திருப்பம் 1997இன் கல்விச் சீர்திருத்தம். 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து, 1999இல் நாடு முழுவதும் தரம் 1இல் தொடங்கினார்கள். தாய்மொழி, கணிதம், சமயம் ஆகியவற்றோடு "சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்" ஒரு முதன்மைப் பாடமாக வந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்று விதத்திலும் கற்பிக்க வேண்டும் என்றார்கள்.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். "சுற்றாடற் கல்வி" என்று வைக்கவில்லை. "செயற்பாடுகள்" என்று வைத்தார்கள். அதைவிட முக்கியம், இது கிராமத்துக்கு ஒரு மாதிரி, நகரத்துக்கு ஒரு மாதிரி என்று வரவில்லை. தகப்பனின் தொழிலோடு பிள்ளையைக் கட்டிப் போடவும் இல்லை. கொழும்பு 7இல் படிக்கும் பிள்ளைக்கும் எங்கள் வட்டைக்கரையில் படிக்கும் பிள்ளைக்கும் ஒரே பாடம். பிள்ளையின் வயது ஆறு, ஏழு. மண்ணைத் தொடுவது அந்த வயதில் விளையாட்டு. நூறு வருடக் கதையில் முதன்முறையாக அந்தப் பழைய கல் பாதையிலிருந்து விலக்கப்பட்டது.

அப்படியென்றால் ஏன் இன்னும் எங்கள் பிள்ளைகள் மரத்தைக் கொப்பியில் மட்டும் வரைகிறார்கள்?

கன்னங்கரா காலத்து ஏணி மதிலாக மாறிவிட்டது என்பதுதான் என் பதில். வருடாவருடம் மூன்று இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றுகிறார்கள். அதில் சுற்றாடலும் வினாவாக வருகிறது. "பின்வருவனவற்றுள் கொடித் தாவரம் எது?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, கொடியைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை. மாதிரி வினாத்தாள் போதும். தரம் 3இலேயே டியூசன் தொடங்கிவிடுகிறது. செயற்பாடு என்று பெயர் வைத்த பாடம் மனனப் பாடமாகிவிட்டது. வெளியே கூட்டிப் போகும் ஆசிரியரைப் பார்த்து "மிஸ் படிப்பிக்காம விளையாட்டுக் காட்டுறா" என்று பெற்றோர் முறையிடுகிறார்கள்.

நகரத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் இதில் ஒரே நட்டம் என்று சொல்ல முடியாது. நகரத்துப் பிள்ளைக்கு வீட்டில் புத்தகம், இணையம், சுற்றுலா எல்லாம் இருக்கின்றன. கிராமத்துப் பிள்ளையிடம் இருக்கும் ஒரே பெரிய செல்வம் அது நடந்து வரும் பாதைதான். வக்கடையில் தண்ணீர் எப்படித் திரும்புகிறது, நெல் எப்போது குடலைப் பருவத்துக்கு வருகிறது, குளத்துக்கு எந்தக் கொக்கு எந்த மாதம் வருகிறது என்று அதற்குத் தெரியும். வகுப்பறையில் அந்த அறிவுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைப்பதில்லை. தான் அறிந்தது அறிவே இல்லை என்று பிள்ளை நினைக்கத் தொடங்குகிறது. இதுதான் நாம் செய்யும் பெரிய அநியாயம்.

8. நூறு வருடத்திலிருந்து நாம் எடுக்க வேண்டியது

என் பார்வையில் மூன்று விசயங்கள்.

முதலாவது, வெளியே போய்ச் செய்வது கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பின்தங்கிய பிள்ளைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். "படிப்பு வராதவனைத் தோட்டத்துக்கு விடுங்க" என்ற வார்த்தை எந்தப் பாடசாலையிலும் கேட்கக் கூடாது. குழப்படி செய்தவனைப் புல் பிடுங்க அனுப்புவதும் கூடாது. புல் பிடுங்குவது தண்டனை என்று காலையில் காட்டிவிட்டு, மண்ணை நேசியுங்கள் என்று பின்னேரம் சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்? மலையகத் தோட்டப் பாடசாலைகளில் இது இன்னும் நுட்பமானது. நாள் முழுக்கக் கொழுந்து பறிக்கும் தாய், தன் மகள் பாடசாலையிலும் மண் கொத்துவதைப் பார்த்தால் என்ன நினைப்பாள்?

இரண்டாவது, ஸாகிர் ஹுசைனின் எச்சரிக்கை. விளைச்சலை அளக்காமல் விளக்கத்தை அளக்க வேண்டும். பத்துப் பாத்தி வேண்டாம். ஒரு பாத்தி போதும். அதில் பாதிக்கு வைக்கோல் மூடாக்குப் போடுங்கள், மற்றப் பாதியை அப்படியே விடுங்கள். எந்தப் பக்கம் மண் சீக்கிரம் காய்கிறது என்று பிள்ளைகளே பார்த்து எழுதட்டும். செடி செத்தாலும் பாடம் சாகாது. ஏன் செத்தது என்பதும் ஒரு பாடம்தான்.

மூன்றாவது, வெளியே செய்வதைக் கணிதத்தோடும் மொழியோடும் கட்டிவிட வேண்டும். அப்போதுதான் பெற்றோருக்கு அது படிப்பு என்று தெரியும். சில உதாரணங்கள்:

ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் படிய மணித்தியாலங்கள் எடுக்கும். களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கி நிற்கும். வயல் மண், கடற்கரை மண், பாடசாலை மண் என்று மூன்று போத்தல் வைத்தால், வயலில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

நேரான பக்கமுள்ள ஒரு டின்னை வெளியில் வைத்து மாரி காலத்தில் தினமும் மழையை மில்லிமீற்றரில் அளக்கச் சொல்லுங்கள். ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர் தண்ணீர். 20 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் உள்ள வகுப்பறைக் கட்டிடத்தின் கூரை 120 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் மழைக்கு அதில் விழுவது 3000 லீற்றர். "சேர், அவ்வளவு தண்ணியும் எங்க போகுது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அன்றைய பாடம் வெற்றி. அந்தக் கேள்விக்குள் பெருக்கலும் இருக்கிறது, பரப்பளவும் இருக்கிறது, நமது ஊரின் தண்ணீர்ப் பிரச்சினையும் இருக்கிறது.

பாடசாலைக் கிணற்றில் கயிற்றில் முடிச்சுப் போட்டு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, மாதம் ஒரு முறை நீர்மட்டத்தை அளக்கலாம். ஜனவரியிலும் ஓகஸ்டிலும் எடுத்த அளவுகளை வரைபாக்கினால் மாரியும் கோடையும் கண்ணுக்கு முன்னால் நிற்கும். ஊரின் வட்டைவிதானையை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்துப் பேசவிடுங்கள். தன் வாப்பாவோ அப்பாவோ ஆசிரியர் நிற்கும் இடத்தில் நின்று பேசுவதைக் காணும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் பெரிய நிதியோ வலயத்தின் அனுமதிக் கடிதமோ தேவையில்லை. ஒரு போத்தல், ஒரு டின், ஒரு கயிறு.

ஒவ்வொரு சீர்திருத்தமும் பாடத்திட்டத்தை மாற்றியது. மண்வெட்டிக்கும் பேனைக்கும் இடையில் நமது மனதில் இருக்கும் படிநிலையை எந்தச் சுற்றறிக்கையாலும் மாற்ற முடியவில்லை. கிராமத்துப் பிள்ளை மண்ணில் கை வைத்தது, அது கிராமத்துப் பிள்ளை என்பதற்காக அல்ல, மண் படிக்க வேண்டிய ஒரு பெரிய புத்தகம் என்பதற்காக என்று பெற்றோர் நம்பும் நாளில்தான் இந்தத் தோட்டம் காய்க்கும். அந்த நம்பிக்கையைக் கொடுக்க வேண்டியவர்கள் அமைச்சில் இல்லை. ஒவ்வொரு வகுப்பறையிலும் நிற்கும் நாங்கள்தான்.

உங்கள் பாடசாலையில் பிள்ளைகள் வெளியே போய்ச் செய்து படித்த ஒரு விசயத்தை, எவ்வளவு சின்னதானாலும், கீழே எழுதுங்கள். வேறு ஆசிரியர்களுக்கும் உதவும். 1972இல் தொழில்முன்னிலைப் பாடம் படித்தவர்கள் யாராவது இருந்தால் கட்டாயம் எழுதுங்கள், என்ன தொழில் தெரிவு செய்தீர்கள், யார் படிப்பித்தார்கள் என்று. அந்த அனுபவங்களைச் சேர்த்து இன்னொரு பதிவு போடுகிறேன், இன்ஷா அல்லாஹ்.